சேர்த்தபின் பிரிக்க முடியுமா?



இணையதளம் கட்டும் தொழிலில் இருக்கும் எல்லோரும் ஒரு வாக்கியத்தைக் கேட்டிருப்பீர்கள். பெரும்பாலும் வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் வரும். "அந்தக் கூப்பன் வேலை இந்த வாரம் வேண்டாம் தம்பி, டெலிவரி வேலையை மட்டும் லைவ்ல விட்டுடுங்க." பின்வரிசையில் சிரிக்கிறீர்கள், ஆக, கேட்டிருக்கிறீர்கள். சொல்பவருக்கு அது அரை நிமிட விஷயம். கடை அவருடையது. எதை எப்போது விற்பது என்று முடிவு செய்யும் உரிமையும் அவருடையது. ஆனால் கூப்பனும் டெலிவரியும் இரண்டு வாரமாக ஒரே கோப்புகளில் கைவைத்துப் பின்னிக் கிடந்தால், அந்த அரை நிமிடம் நம் சனி ஞாயிறைத் தின்றுவிடும்.

கிட் போன்ற வெர்ஷன் கன்ட்ரோல் கருவிகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் மெர்ஜ் பற்றித்தான் பேசுவார்கள். இரண்டு பேர் வேலையை எப்படிச் சேர்ப்பது, கான்ஃப்ளிக்ட் வந்தால் எப்படித் தீர்ப்பது என்று. நான் மறுபக்கத்திலிருந்து வரப்போகிறேன். ஒரே பக்கத்தில் ஒரே சமயத்தில் இரண்டு மூன்று வேலைகள் நடக்கும்போது, அவற்றில் ஒன்றை மட்டும் நிறுத்திவைக்கவோ வெளியே எடுக்கவோ உங்களால் முடிகிறதா? முடிந்தால் உங்கள் கிளைகள் ஒழுங்காக இருக்கின்றன என்று பொருள். முடியவில்லை என்றால், பெயருக்கு எத்தனை கிளை வைத்திருந்தாலும் நடைமுறையில் உங்களிடம் இருப்பது ஒன்றே ஒன்றுதான்.

கொஞ்சம் பழைய கதை. 1972-இல் பெல் ஆய்வகத்தில் மார்க் ரோச்கைண்ட் எழுதிய எஸ்சிசிஎஸ், அதற்குப் பத்தாண்டு கழித்து பர்டியூ பல்கலைக்கழகத்தில் வால்டர் டிக்கி எழுதிய ஆர்சிஎஸ் ஆகிய இரண்டும் இந்தச் சிக்கலைப் பூட்டுப் போட்டுச் சமாளித்தன. கோப்பை எடுத்தவர் பூட்டிக்கொள்வார். அவர் திருப்பி வைக்கும்வரை வேறு யாரும் அதைத் திருத்த முடியாது. மோதலே வராது, உண்மைதான். வேலையும் நடக்காது.

ஆம்ஸ்டர்டாமின் ஃப்ரையே பல்கலைக்கழகத்தில் டிக் க்ரூன் என்ற ஆசிரியர் இரண்டு மாணவர்களோடு சேர்ந்து ஒரு சி கம்பைலர் எழுதிக்கொண்டிருந்தார். ஒரு மாணவர் காலையில் வந்து மாலையில் போகிறவர். இன்னொருவர் எப்போது வருவார் என்றே சொல்ல முடியாது. க்ரூனுக்கோ மாலை நேரம் மட்டும்தான் கிடைக்கும். இந்த மூவருக்கும் பூட்டு எப்படி உதவும்? பூட்டு இல்லாமல் மூவரும் ஒரே கோப்பைத் திருத்தி, பிறகு சேர்த்துக்கொள்ளும்படி அவர் எழுதிவைத்த ஸ்கிரிப்டுகள்தான் 1986-இல் சிவிஎஸ் என்று வெளியே வந்தன. இன்று நாம் படும் பாட்டுக்கும் அனுபவிக்கும் சுகத்துக்கும் அதுதான் தொடக்கம்.

2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுதத் தொடங்கினார். லினக்ஸ் கெர்னல் குழு அதுவரை பயன்படுத்திவந்த பிட்கீப்பர் இனி இலவசமாகக் கிடைக்காது என்று ஆனதால் வந்த அவசரம் அது. சில நாட்களுக்குள் கிட் தன் சொந்த நிரலையே கிட்டில் வைத்து நிர்வகிக்கும் நிலைக்கு வந்துவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் பொறுப்பு ஜூனியோ ஹமானோ கைக்குப் போனது. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சற்று நேரத்தில் அவரிடம் திரும்புவோம்.

கிட் கிளைகளை மிக மலிவாக்கிவிட்டது. அதில் ஒரு கிளை என்பது அடிப்படையில் ஒரு கமிட்டின் நாற்பது எழுத்து அடையாளத்தைத் தாங்கிய ஒரு துளிக் கோப்பு, அவ்வளவுதான். போடுவதற்குச் செலவே இல்லை. அதனால் எல்லோரும் கிளை போட்டுத் தள்ளினார்கள். கிளை போட்டாயிற்று, வேலை பிரிந்தாயிற்று என்று ஒரு நிம்மதியும் கூடவே வந்துவிட்டது. அந்த நிம்மதியைத்தான் நான் சந்தேகிக்கிறேன்.

ஒரு ஜவுளிக்கடையின் இணையதளத்தை எடுத்துக்கொள்வோம். கற்பனைக் கடைதான். தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கிறது. பணம் கட்டும் பக்கத்தில் இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். ஒருவர் புதிய பேமென்ட் கேட்வேயைப் பொருத்துகிறார். நம் ஊரில் புழங்கும் கேட்வேக்களில் பலவும் தொகையைப் பைசாவில்தான் கேட்கும். புடவை விலை 1,250 ரூபாய் என்றால் 1,25,000 என்று அனுப்ப வேண்டும். அதனால் அவர் மொத்தத் தொகையைக் கணக்கிடும் ஃபங்ஷனையே பைசாவில் விடை தரும்படி மாற்றினார். அந்த ஃபங்ஷனை அழைக்கும் இடங்களை எல்லாம் தேடிப் பிடித்துத் திருத்தினார். பொறுப்பான வேலை, குறை சொல்ல ஒன்றுமில்லை. இன்னொருவர் வேறொரு கிளையில், கேஷ் ஆன் டெலிவரி கேட்பவர்களுக்கு 50 ரூபாய் கட்டணம் சேர்க்கிறார். அதற்கென்று ஒரு புதுக் கோப்பு. அதில் மொத்தத் தொகையை வாங்கி, அதோடு 50-ஐக் கூட்டுகிறார். அவருடைய கிளையில் மொத்தம் இன்னும் ரூபாயில்தான் வருகிறது. சோதித்துப் பார்த்தார், சரியாக இருந்தது.

இப்போது இரண்டையும் சேர்க்கிறோம். கிட் மூன்று பிரதிகளைப் பார்க்கும்: கிளைகள் பிரிந்த இடத்தில் இருந்த பழைய பிரதி, இவருடைய பிரதி, அவருடைய பிரதி. ஓரிடத்தை ஒருவர் மட்டும் மாற்றியிருந்தால் அந்த மாற்றத்தை எடுத்துக்கொள்ளும். ஒரே இடத்தை இருவரும் வெவ்வேறு விதமாக மாற்றியிருந்தால் மட்டும் நின்று, நம்மைக் கூப்பிடும். இங்கே இருவரும் தொட்டது வேறு வேறு கோப்புகள். எனவே கூப்பிடாது. மெர்ஜ் நல்லபடியாக முடிந்தது என்று அறிவித்துவிடும். மறுநாள் கேஷ் ஆன் டெலிவரி கேட்ட வாடிக்கையாளர் கையில் 1,250 ரூபாய் 50 பைசாவுக்கு ஒரு பில் இருக்கும்.

இதே தளத்தில் இரண்டு பேர் ஸ்டைல் கோப்பின் கடைசியில் ஆளுக்கொரு வரி சேர்த்திருந்தால் என்ன ஆகும்? கிட் உடனே கான்ஃப்ளிக்ட் என்று கத்தும். மெனு பட்டியல், மொழிபெயர்ப்புக் கோப்பு, முகவரிகளை வரிசைப்படுத்தும் ரூட்ஸ் கோப்பு என்று எல்லோரும் போய் வால் பகுதியில் ஒட்டவைக்கும் இடங்களில் தினமும் இது நடக்கும். இரண்டு வரியையும் வைத்துக்கொண்டால் தீர்ந்தது. ஆக, கிட் சொல்லும் கான்ஃப்ளிக்டுகளின் எண்ணிக்கையை வைத்து இரண்டு வேலைகள் எவ்வளவு மோதுகின்றன என்று எடைபோட முடியாது. அது வரிகளை ஒப்பிடும் கருவி. ரூபாய்க்கும் பைசாவுக்கும் உள்ள வித்தியாசம் அதற்குத் தெரியாது.

கான்ஃப்ளிக்ட் வரும்போது பயன்படும் ஒரு சின்ன விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வழக்கமாக அம்புக்குறிகளுக்கு நடுவே உங்கள் வரியும் எதிராளியின் வரியும் மட்டும்தான் தெரியும். கான்ஃப்ளிக்ட் ஸ்டைல் என்ற அமைப்பை டிஃப்3 என்று மாற்றிவையுங்கள். பழைய வரியும் நடுவில் வந்து உட்காரும். யார் எதை எதற்காக மாற்றினார் என்பது அதைப் பார்த்தால்தான் புரியும். பழையதைப் பார்க்காமல் கான்ஃப்ளிக்ட் தீர்ப்பது குருட்டாம்போக்கு.

பைசா விவகாரத்தைப் பிடிக்க ஒரே வழி, சேர்த்த பிறகு வரும் நிரலைச் சோதிப்பது. இவருடைய கிளையில் எல்லாச் சோதனையும் பாஸ், அவருடைய கிளையிலும் பாஸ். இரண்டும் சேர்ந்தால் ஃபெயில். ரஸ்ட் மொழியை உருவாக்கிய கிரேடன் ஹோர் 2014-இல் இதைப் பற்றி எழுதினார்: எல்லாச் சோதனைகளிலும் எப்போதும் தேறும் ஒரு களஞ்சியத்தைத் தானியங்கியாகப் பராமரியுங்கள், இதற்கு ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் தேவையில்லை என்று. ரஸ்ட் திட்டத்தில் பார்ஸ் என்ற நிரல் அதைத்தான் செய்தது. வருகிற மாற்றத்தை மெயின் கிளையோடு சேர்த்துப் பார்க்கும், சேர்ந்த வடிவத்தைச் சோதிக்கும், தேறினால் மட்டுமே மெயினை நகர்த்தும். இதே யோசனையை மெர்ஜ் க்யூ என்ற பெயரில் கிட்ஹப் 2023-இல் பரவலாகக் கொண்டுவந்தது. டெலிவரிக் கட்டணத்துக்கு ஒரு சோதனை எழுதியிருந்தால் நம் 50 பைசா அங்கேயே மாட்டியிருக்கும். எழுதாவிட்டால் எந்தக் க்யூவும் காப்பாற்றாது.

சரி, வெள்ளிக்கிழமைக்கு வருவோம்.

கடைக்காரருக்குக் காட்ட ஸ்டேஜிங் என்று ஒரு கிளை வைத்திருக்கிறோம். கூப்பன் அதில் மெர்ஜ் ஆகியிருக்கிறது, டெலிவரியும் மெர்ஜ் ஆகியிருக்கிறது. பார்த்துவிட்டுக் கூப்பன் வேண்டாம் என்கிறார். ஸ்டேஜிங்கை மெயினில் மெர்ஜ் செய்து லைவுக்கு அனுப்புவதுதான் உங்கள் வழக்கம் என்றால், அங்கேயே மாட்டிக்கொண்டீர்கள். மாவில் கரைத்த உப்பை எங்கே போய்த் தேடுவது?

இதைவிட மோசமான ஒன்றும் நடக்கிறது, அதுவும் நல்லெண்ணத்தில். டெலிவரிக் கிளையை ஸ்டேஜிங்கில் சேர்க்கும்போது கான்ஃப்ளிக்ட் வருகிறது. அதைத் தீர்க்க அந்தத் தம்பி ஸ்டேஜிங்கை இழுத்துத் தன் கிளையில் மெர்ஜ் செய்கிறார். கான்ஃப்ளிக்ட் தீர்ந்தது. ஆனால் அந்த நொடியிலிருந்து டெலிவரிக் கிளைக்குள் கூப்பன் முழுவதும் குடியேறிவிட்டது. கிளையின் பெயர் டெலிவரி, உள்ளே இருப்பது எல்லாம். புல் ரிக்வெஸ்டைத் திறந்தால் பன்னிரண்டு கோப்பு மாறியிருக்க வேண்டிய இடத்தில் அறுபது கோப்பு நிற்கும். பார்ப்பவரும் சலித்துப்போய் ஓகே போட்டுவிடுவார். நான் பார்த்தவரை, வேலைகள் பிரிக்க முடியாமல் போவதற்கு இந்த ஒரு பழக்கம்தான் முதல் காரணம். மெயினை உங்கள் கிளைக்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் இழுங்கள். ஸ்டேஜிங்கை ஒருபோதும் இழுக்காதீர்கள்.

"அதான் ரிவர்ட் இருக்கே" என்று ஒரு குரல் கேட்கிறது. இருக்கிறது. ஆனால் ஒரு மெர்ஜை ரிவர்ட் செய்தால் கிட் என்ன செய்கிறது என்று பாருங்கள். அந்த மெர்ஜ் கொண்டுவந்த வரிகளை நீக்கி ஒரு புதுக் கமிட் போடுகிறது. வரிகள் போய்விடும், வரலாறு அப்படியே இருக்கும். கூப்பன் கிளை ஏற்கெனவே மெர்ஜ் ஆனது என்பதை கிட் மறக்காது. பொங்கலுக்குக் கடைக்காரர் கூப்பனைத் திரும்பக் கேட்கிறார். கூப்பன் கிளையை மறுபடி மெர்ஜ் செய்கிறீர்கள். எல்லாம் ஏற்கெனவே வந்துவிட்டது என்று பதில் வரும். இடையில் அந்தக் கிளையில் ஒரு சின்னத் திருத்தம் செய்திருந்தால் அந்தத் திருத்தம் மட்டும் வந்து சேரும், உடல் இல்லாமல் வால் மட்டும். கூப்பன் திரும்ப வர, முதலில் போட்ட ரிவர்ட்டையே ரிவர்ட் செய்ய வேண்டும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. டோர்வால்ட்ஸும் ஹமானோவும் 2008-இல் இதைப் பற்றி விளக்கியது, தவறாகச் செய்த மெர்ஜை எப்படி ரிவர்ட் செய்வது என்ற தனிக் குறிப்பாகவே கிட்டின் ஆவணங்களில் இருக்கிறது.

அப்படியானால் என்னதான் வழி? கிட்டை எழுதுகிறவர்கள் கிட்டை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்கலாம். இணையதளக்காரர்கள் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை என்பது என் வருத்தம்.

அந்தத் திட்டத்தில் ஒரே சமயத்தில் ஏராளமான வேலைகள் நடந்துகொண்டிருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிக் கிளை. ஹமானோ அவற்றைச் சேர்த்துவைக்கும் பொதுக் கிளைகள் மூன்று நான்கு உண்டு. மாஸ்டர் என்பது அடுத்த வெளியீட்டுக்குத் தயாரானது, அது பின்னால் போகாது. நெக்ஸ்ட் என்பது மாஸ்டருக்குப் போகும் முன் புழங்கிப் பார்க்கும் இடம். சீன் என்பது அவர் கண்ணில் பட்ட, பரிசீலனையில் இருக்கும் வேலைகள் கூடும் இடம். 2020-க்கு முன் அதற்கு வேறு பெயர். இதில் கவனிக்க வேண்டியது, சீன் கிளையை யாரும் பாதுகாப்பதில்லை. அது அடிக்கடி தூக்கி எறியப்பட்டு, அப்போது உயிரோடிருக்கும் வேலைகளை மட்டும் சேர்த்து மறுபடி கட்டப்படும். ஒரு வேலை வேண்டாம் என்று ஆகிவிட்டால் அடுத்த முறை கட்டும்போது அது இருக்காது, அவ்வளவுதான். ரிவர்ட் இல்லை, அறுவை சிகிச்சை இல்லை. இது நடக்க ஒரு நிபந்தனை உண்டு. எந்த வேலையும் நெக்ஸ்ட்டிலிருந்தோ சீனிலிருந்தோ கிளைபிரியக் கூடாது. புது வசதி என்றால் மாஸ்டரிலிருந்து பிரிய வேண்டும், பழைய வெளியீட்டின் பிழைத்திருத்தம் என்றால் அந்தப் பழைய கிளையிலிருந்து.

இதை அப்படியே ஜவுளிக்கடைக்குக் கொண்டுவரலாம். ஸ்டேஜிங்கை நிரந்தரக் கிளையாக வைக்காதீர்கள். தினமும் காலையில் மெயினிலிருந்து புதிதாகத் தொடங்கி, இன்று காட்ட வேண்டிய கிளைகளின் பட்டியலை எடுத்து ஒவ்வொன்றாக மெர்ஜ் செய்யும் ஒரு பத்து வரி ஸ்கிரிப்ட் போதும். கடைக்காரர் கூப்பனை வேண்டாம் என்றால் பட்டியலில் ஒரு வரியை அடித்துவிட்டு மறுபடி ஓடவிடுங்கள். லைவுக்குப் போவது எப்போதும் தனித்தனிக் கிளை, நேராக மெயினுக்கு. தினமும் அதே கான்ஃப்ளிக்டைத் தீர்க்கவேண்டி வருமே என்று கேட்பீர்கள். அதற்கு கிட்டில் ரெரெரெ என்று, பெயரே நாக்கில் உருளும் ஒரு வசதி இருக்கிறது. நீங்கள் ஒரு கான்ஃப்ளிக்டை ஒரு முறை எப்படித் தீர்த்தீர்கள் என்று குறித்துவைத்துக்கொண்டு, அதே மோதல் அடுத்த முறை வரும்போது அதே தீர்வைப் போட்டுவிடும். ஒரே வரி அமைப்பில் இயக்கிவிடலாம். எனக்குத் தெரிந்து பலரும் இதை இயக்குவதில்லை.

இதுவரை சொன்னது, பிரிக்கக்கூடிய வேலைகளைப் பிரித்தே வைத்திருப்பது பற்றி. நிஜமாகவே ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும் வேலைகளை என்ன செய்வது?

நம் பைசா மாற்றத்தையே பாருங்கள். அது கேட்வே வேலையின் பகுதியா? யோசித்தால் இல்லை. மொத்தத் தொகை ரூபாயில் இருக்க வேண்டுமா பைசாவில் இருக்க வேண்டுமா என்பது தளம் முழுவதற்குமான முடிவு. அது கேட்வே கிளைக்குள் ஒளிந்திருந்ததுதான் எல்லா வம்புக்கும் காரணம். அதை மட்டும் ஒரு சின்னக் கிளையாக வெட்டி எடுத்து, வாடிக்கையாளர் கண்ணுக்கு எந்த மாற்றமும் தெரியாதபடி, முதல் இரண்டு நாளிலேயே மெயினில் சேர்த்துவிட வேண்டும். பிறகு கேட்வேக்காரரும் டெலிவரிக்காரரும் மெயினை இழுத்துக்கொண்டு அவரவர் வழியே போகலாம். இரண்டு வேலைகள் ஒரே இடத்தைத் தொடுகின்றன என்றால் அந்த இடத்தில் மூன்றாவதாக ஒரு வேலை ஒளிந்திருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். பெரும்பாலும் இருக்கும்.

சில சமயம் இருக்காது. கூப்பன் இல்லாமல் பரிசு அட்டை வேலை செய்யாது என்றால், பரிசு அட்டைக் கிளையைக் கூப்பன் கிளைமேல்தான் கட்ட வேண்டும். அப்போது கடைக்காரரிடம் திங்கட்கிழமையே சொல்லிவிடுங்கள்: "இது ரெண்டும் சேர்ந்துதான் போகும் சார், தனியா எடுக்க முடியாது." அதைச் சொல்ல எந்தக் கிட் கட்டளையும் கிடையாது.

கிளைகளின் உருவத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2010-இல் வின்சென்ட் ட்ரீசன் என்ற நெதர்லாந்துப் பொறியாளர் வரைந்த கிட்ஃப்ளோ படத்தைச் சுவரில் ஒட்டிவைத்திருக்கும் அலுவலகங்கள் நம் ஊரிலும் உண்டு. டெவலப், ரிலீஸ், ஹாட்ஃபிக்ஸ் என்று வண்ண வண்ணக் கோடுகள். அதை வரைந்தவரே 2020-இல் ஒரு குறிப்பு சேர்த்தார்: தொடர்ந்து வெளியிடப்படும் இணையச் செயலிகளுக்கு இதைவிட எளிமையான முறையே போதும் என்று. சுவரில் இருக்கும் படத்தில் அந்தக் குறிப்பு இல்லை.

கிளையையே தவிர்க்கிறவர்களும் இருக்கிறார்கள். கூகுளில் 2015 தொடக்கத்தில் 86 டெராபைட் அளவுள்ள ஒரே களஞ்சியத்தில் சுமார் 25,000 பேர் வேலை செய்ததாக அந்நிறுவனத்தினரே 2016-இல் எழுதினார்கள். புது வசதிக்காக நீண்டகாலக் கிளை போடுவது அங்கே அபூர்வம். ஃபிளிக்கர் தளத்தார் 2009-இல் இதே முறையை விளக்கினார்கள். முடியாத வேலையும் மெயினிலேயே கிடக்கும். ஒரு கொடி, அதாவது அமைப்புக் கோப்பில் ஒரு ஆன் ஆஃப் மதிப்பு, அதை வாடிக்கையாளரிடமிருந்து மறைத்துவைக்கும். கூப்பன் வேண்டாமா? கொடியை ஆஃப் செய்தால் போதும். இருவர் வேலையும் தினமும் சேர்வதால் ரூபாய் பைசா மோதல் இரண்டாம் நாளே வெளிப்படும். எனக்கு இந்த முறைமேல் பிரியம் உண்டு, ஆனால் பயமும் உண்டு.

பயத்துக்குக் காரணம் நைட் கேப்பிடல். இணையதளம் இல்லை, அமெரிக்கப் பங்குத் தரகு நிறுவனம். 2012 ஆகஸ்ட் 1 அன்று ஒரு புது வசதியை இயக்கினார்கள். அதற்கென்று புதுக் கொடி வைக்காமல், பவர் பெக் என்ற பழைய வசதிக்கு இருந்த கொடியையே எடுத்துக்கொண்டார்கள். பவர் பெக் 2003-லிருந்து பயன்பாட்டில் இல்லை, ஆனால் அதன் நிரலை யாரும் அழிக்கவில்லை. எட்டு சர்வர்களில் ஏழில் மட்டும் புதிய நிரல் ஏறியிருந்தது. எட்டாவதில் கொடி ஏறியதும் பழைய பவர் பெக் உயிர்பெற்றுக் கண்மூடித்தனமாகப் பங்குகளை வாங்கி விற்கத் தொடங்கியது. பதற்றத்தில் அவர்கள் சரியாக இருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் புதிய நிரலை நீக்கினார்கள். கொடி மட்டும் அப்படியே இருந்தது. அந்த ஏழும் எட்டாவதைப் போலவே ஆடத் தொடங்கின. சுமார் 45 நிமிடத்தில் 46 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையத்தின் உத்தரவு சொல்கிறது. எனவே கொடி வைக்கும்போதே அதை அழிப்பதற்கு ஒரு டிக்கெட்டும் போட்டுவிடுங்கள். ஒருமுறை பயன்படுத்திய கொடியின் பெயரை வேறெதற்கும் திரும்ப எடுக்காதீர்கள்.

கடைசியாக டேட்டாபேஸ். இவ்வளவு நேரம் சொன்ன எந்தக் கருவியும் அங்கே எட்டாது. ஒரு காலத்தில் ரெயில்ஸில் மைக்ரேஷன் கோப்புகளுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை எண் கொடுத்தார்கள். இரண்டு கிளைகளில் இரண்டு பேர் ஆளுக்கொரு 42-ஆம் எண் கோப்பை எழுதிக்கொண்டு வந்தார்கள். அதனால்தான் 2008-இல் வந்த 2.1 பதிப்பில் எண்ணுக்குப் பதில் நேரமுத்திரைக்கு மாறினார்கள். ஜாங்கோவில் இன்றும் இரண்டு கிளைகளிலிருந்து வரும் மைக்ரேஷன்கள் ஒரே பெற்றோரிடமிருந்து பிரிந்தால் அது நின்றுவிட்டு, இணைக்கச் சொல்லிக் கேட்கும். கோப்பு மோதலை இப்படிச் சமாளித்துவிடலாம். தகவல் வேறு விஷயம். கூப்பன் கிளை ஆர்டர் டேபிளில் விலை என்ற பத்தியின் பெயரை மாற்றிவிட்டு லைவுக்குப் போயிருந்தால், நிரலை ஐந்து நிமிடத்தில் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். பழைய நிரல் தேடும் பத்தி அங்கே இருக்காது.

அதனால் டேபிளைத் தொடும் வேலையை மட்டும் கிளையிலிருந்து வெளியே எடுத்து, முன்கூட்டியே அனுப்புங்கள். முதலில் புதுப் பத்தியைச் சேர்ப்பது மட்டும். பழைய நிரல் அதைக் கண்டுகொள்ளாது. பிறகு இரண்டிலும் எழுதும் நிரல். பழைய தகவலைப் புதுப் பத்திக்கு நகர்த்தியபின், புதியதிலிருந்து படிக்கும் நிரல். இதில் எந்தக் கட்டத்தில் கடைக்காரர் "வேண்டாம்" என்றாலும் ஒரு படி பின்னால் வரலாம், தகவல் எதுவும் போகாது. பழைய பத்தியை அழிக்கும் மைக்ரேஷன் தனிக் கிளையில், பண்டிகை முடிந்து, பேக்கப் எடுத்துப் பார்த்த பிறகு போகட்டும். வெள்ளிக்கிழமை வேண்டாம்.

என் நேரம் முடிந்தது என்று மேடையிலிருந்து சைகை வருகிறது. மைக் இரண்டாவது வரிசையில் இருக்கிறது, கேள்விகளைக் கேளுங்கள்.